எஸ்தர் வசதி கேட்டாள், மின்விசிறி வந்தது

1

போன செவ்வாய்க்கிழமை என் அலுவலகத்தில் கேக் வெட்டினார்கள். நான் அங்கே வேலைக்குச் சேர்ந்து பத்து ஆண்டுகள் ஆகிவிட்டனவாம். நியூசிலாந்தில் ஹாமில்டன் நகருக்கு வெளியே உள்ள சிற்றூர் இது. இவ்வூர் நகராட்சியில், வீடு கட்ட அனுமதி கொடுக்கும் பிரிவில் எனக்கு வேலை. எங்கள் அப்பா கோலார் தங்கவயலின் நந்திதுர்க் சுரங்கத்தில் பூமிக்கு அடியில் வேலை செய்தவர். அவருடைய மகளான நான் பூமிக்கு மேலே எழும்பும் வீடுகளுக்கு முத்திரை குத்திக்கொண்டிருக்கிறேன்.

கேக் தீர்ந்ததும் என் மேலாளர் ஆலிசன், வருடா வருடம் கேட்கும் கேள்வியைக் கேட்டாள். "குளோரி, உன் வேலை இன்னும் சுலபமாக நடக்க நாங்கள் என்ன செய்து தரவேண்டும்?"

முதல் வருடம் இந்தக் கேள்வி என்னை நடுநடுங்க வைத்தது. ஏதோ சிக்கவைக்கப் பார்க்கிறாள் என்றுதான் நினைத்தேன். "ஒன்றும் வேண்டாம், எல்லாம் நன்றாக இருக்கிறது" என்று சொல்லிவிட்டு, அன்று முழுக்க என்னை வேலையிலிருந்து எடுக்கப்போகிறார்கள் என்று பயந்துகொண்டே இருந்தேன். மறுநாள் ஒருவன் அளவுநாடாவோடு வந்து என் மேசையை அளந்தான், நாற்காலியை அளந்தான், என் முழங்காலிலிருந்து தரைவரை அளந்தான். அடுத்த வாரம் மேசைக்கடியில் கால் வைக்க ஒரு சின்னப் பலகை வந்து சேர்ந்தது. என் பாதம் தரையைத் தொடாமல் தொங்கிக்கொண்டிருந்ததை ஆலிசன் எப்போதோ கவனித்திருக்கிறாள். மாலையானால் வந்துகொண்டிருந்த இடுப்புவலி அந்த மாதத்தோடு நின்றது. அதுவரை வயது ஏறுகிறது என்று நினைத்து நான் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தேன்!

உடனே இங்கே எல்லாம் ஒழுங்கு என்று நினைத்துவிடாதீர்கள். எங்கள் வீட்டு வேலி சாய்ந்துவிட்டது. புது வேலி போட அனுமதி கேட்டு நானே என் அலுவலகத்துக்கு விண்ணப்பித்தேன். ஒரு குளிர்காலம் முழுக்கப் பதில் இல்லை. பக்கத்து மேசைக்காரனிடம் போய் விசாரித்தால், "வரிசையில் இருக்கிறது, குளோரி" என்கிறான். அந்த வருடம்தான் தடுப்புச் சுவர்களை எல்லாம் இடித்து ஒரே கூடமாக்கியிருந்தார்கள். எல்லோர் தொலைபேசியும் எல்லோர் காதிலும் ஒலித்தது. ஒருவராலும் ஒரு கடிதத்தை ஒழுங்காக எழுதி முடிக்க முடியவில்லை. பிறகு பாதிச் சுவர்களைத் திரும்ப வைத்தார்கள். எங்கள் வேலியும் நிமிர்ந்தது.

ஆலிசனின் கேள்வியை என் தங்கை எஸ்தரிடம் யாரும் ஒருநாளும் கேட்டதில்லை. யாரும் கேட்காமலே அவள் பதில் சொல்லவேண்டி வந்தது. அந்தக் கதையைச் சொல்லத்தான் இவ்வளவும்.

2

எனக்கு மதியச் சாப்பாட்டு வேளை எஸ்தருக்கு விடியற்காலை. அலுவலகத்துக்கு எதிரே பூங்கா பெஞ்சில் உட்கார்ந்து நான் டப்பாவைத் திறக்கும்போது, தங்கவயலில் அவள் அடுப்பைப் பற்றவைப்பாள். அவள் கணவர் பெங்களூருக்கு ரயிலில் வேலைக்குப் போகிறவர். அவரை அனுப்பிவிட்டு என்னை வீடியோவில் கூப்பிடுவாள். இத்தனை வருடம் என்னைத் தாங்கிக்கொண்டிருப்பது அந்தக் கொஞ்ச நேரம்தான்.

பகல் முழுக்க ஆங்கிலத்தில் ஜாக்கிரதையாக நடக்கிற நாக்கு, அப்போதுதான் செருப்பைக் கழற்றிவிட்டு நடக்கும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் மின்தூக்கியின் முன் நின்றுகொண்டு "கேஜ் வந்துவிட்டது, வாருங்கள்" என்று இந்த ஊர்க்காரர்களைக் கூப்பிட்டிருக்கிறேன். சுரங்கத்தில் ஆட்களை இறக்கும் கூண்டை எங்கள் ஊரில் கேஜ் என்றுதான் சொல்வோம். எனக்கு மேலும் கீழும் போகிற எல்லாமே கேஜ்தான். இவர்களுக்கோ அது மிருகத்தை அடைக்கிற கூண்டு. ஒரு கிழவர் என்னோடு ஏறாமல் படிக்கட்டில் போய்விட்டார்.

என் மகள் நிம்மிக்கு இதெல்லாம் வேறு யாருடைய கதையோ. பள்ளி முடிக்கும் வயது. தமிழ் புரியும், பதில் மட்டும் ஆங்கிலத்தில் வரும். சித்தி அழைத்தால் கையசைத்துவிட்டு நகர்ந்துவிடுவாள். தங்கவயலை "உன்னோட ஊர்" என்பாள். ஒருநாள்கூட "நம்ம ஊர்" என்று அவள் வாயில் வந்ததில்லை.

3

எஸ்தர் எங்கள் ஊரிலேயே ஓர் அரசு அலுவலகத்தில் எழுத்தர். எந்தத் துறை என்று எழுதவேண்டாம் என்று சொல்லியிருக்கிறாள்; சான்றிதழ் கொடுக்கிற இடம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். அவள் பிரிவில் முழுக்கப் பெண்கள். அதில் மூத்தவர் நாகரத்னம்மா. வீட்டில் தெலுங்கு, அலுவலகத்தில் கன்னடம், எங்களோடு எங்களைவிட நல்ல தங்கவயல் தமிழ்.

போன வருடம் மழைக்காலத்தில் அங்கே புது அதிகாரி ஒருவர் வந்தார். வட கர்நாடகத்துக்காரர், சின்ன வயது, பரபரப்பானவர். வந்த வாரமே எல்லோரையும் கூப்பிட்டு, பூதிகோட்டையிலிருந்தும் இன்னும் தூரத்துக் கிராமங்களிலிருந்தும் கூலியை விட்டுவிட்டு ஜனங்கள் வருகிறார்கள், அவர்களை நாளைக்கு வா என்று திருப்பி அனுப்புவது பாவம் என்று பேசியிருக்கிறார். எஸ்தருக்கு அவரைப் பிடித்துப்போயிற்று.

"நல்ல மனுஷன்க்கா. வேலை நடக்கணும்னு மெய்யாலுமே நினைக்கிறாரு. இன்னா ஒண்ணு, மத்தியானம் ரவுண்ட்ஸ் வந்தா எங்க சீட்டு காலியா கீது. அத்தப் பாத்துட்டு மொறைக்கிறாரு."

"ஏன்டி காலியா இருக்குது?"

அவள் பேச்சை மாற்றிவிட்டாள்.

ஒருநாள் அதிகாரி, குறை இருந்தால் தன்னிடம் சொல்லலாம் என்றாராம். எஸ்தர் தைரியத்தை எல்லாம் திரட்டிக்கொண்டு அவர் அறைக்குப் போனாள். அறையில் வேறு ஆண்களும் இருந்தார்கள். சொல்லவந்த வார்த்தையை மாற்றிக்கொண்டாள். "பெண்களுக்கு சௌகர்யம் இல்லை, சார்" என்று கன்னடத்தில் சொல்லிவிட்டு வந்துவிட்டாள். அவர் தலையசைத்துக் குறித்துக்கொண்டார்.

அடுத்த வாரம் அவர்கள் பிரிவுக்கு இரண்டு புது மின்விசிறிகள் வந்தன. பெரியவை, பளபளப்பானவை. அதிகாரியே நேரில் வந்து சுவிட்சைப் போட்டுக்காட்டி, "இப்போ சரியா?" என்றிருக்கிறார்.

எஸ்தர் இதைச் சொன்னபோது நான் பெஞ்சில் உட்கார்ந்து சிரித்த சிரிப்பில் வாத்துகள் ஓடின. அவள் சிரிக்கவில்லை. எனக்கு அப்போதுதான் உறைத்தது. அவள் வீட்டில் இருப்பவர்களுக்குக் காப்பி ஊற்றிக் கொடுப்பதைத் தினமும் பார்க்கிறேன். அவள் குடித்து ஒருநாளும் பார்த்ததில்லை.

"நீ ஏன்டி குடிக்கல?"

"ஆபீசு நாள்ல குடிக்கமாட்டேன்க்கா. தண்ணியும்தான். அங்க போறதுக்கு எடம் இல்ல."

பெண்கள் கழிப்பறை என்று ஒன்று கட்டியிருக்கிறார்கள். ஆனால் எஸ்தர் வேலைக்குச் சேர்வதற்கு முன்பிருந்தே அதில் பழைய பதிவுக் கட்டுகளை அடுக்கிவைத்திருக்கிறார்கள். ஆண்களுக்குப் பின்கொல்லையில் இருப்பதற்கு ஒழுங்கான கதவு கிடையாது. முன்பிருந்த அதிகாரிகளிடம் ஜாடையாகக் கேட்டும் ஆயிற்று. பதிவுகளை எங்கே வைப்பது என்று அவர்கள் திருப்பிக் கேட்டார்கள். ஆகவே மதியம் ஆனதும் பெண்கள் இரண்டு இரண்டு பேராக நாகரத்னம்மாவின் சொந்தக்காரர் வீட்டுக்கு நடந்து போவார்கள். அந்த வீட்டில் ஆள் இருந்தால் உண்டு. பூட்டியிருந்தால் வாசலில் காத்திருப்பார்கள்.

அதிகாரி பார்த்த காலி நாற்காலிகள் இவைதான்.

4

அதற்குப் பிறகு நடந்ததுதான் பயங்கரம். நாகரத்னம்மாவுக்குக் காய்ச்சல் வந்தது. குளிரில் உடம்பு தூக்கிப்போட்டது. கோலாருக்கு அழைத்துப்போய் மருத்துவமனையில் சேர்த்தார்கள். சிறுநீரகம் வரை தொற்று ஏறியிருக்கிறது, ஏனம்மா தண்ணீரே குடிப்பதில்லையா என்று டாக்டர் கேட்டாராம். படுக்கையில் கிடந்துகொண்டே நாகரத்னம்மா எஸ்தரிடம், "நான் சொல்லமாட்டேன், நீயும் சொல்லாதே, வெக்கக்கேடு" என்றிருக்கிறார்.

ஆள் குறைந்ததும் வேலை இன்னும் தேங்கியது. டிசம்பர் பிறந்ததும், நாகரத்னம்மாவின் பொறுப்பையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டிருந்த எஸ்தருக்கு நோட்டீஸ் வந்தது: பிரிவில் வேலை மந்தமாக இருப்பதற்கு விளக்கம் தரவேண்டும், திருப்தியாக இல்லாவிட்டால் மாவட்டத்தின் இன்னொரு கோடிக்கு மாற்றப் பரிந்துரைக்கப்படும். காலையில் இருட்டோடு கிளம்பி ராத்திரி திரும்பும் கணவர், பரீட்சைக்குப் படிக்கும் பையன். அவளையும் தூரமாக அனுப்பிவிட்டால் அந்த வீடு என்ன ஆவது?

அந்தக் கிறிஸ்துமஸுக்கு நாங்கள் ஊருக்குப் போவதாக முன்பே முடிவாகியிருந்தது. என் கணவருக்கு விடுப்பு கிடைக்கவில்லை. நிம்மியை இழுத்துக்கொண்டு நான் போனேன். விமானம் ஏறும்வரை அவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள்.

5

நாங்கள் போய்ச் சேர்ந்து சில நாட்கள் ஆகியிருக்கும். எஸ்தர் சாப்பாட்டு டப்பாவை வீட்டிலேயே மறந்துவிட்டுப் போய்விட்டாள். கொண்டுபோய்க் கொடுக்கலாம் என்று நானும் நிம்மியும் கிளம்பினோம். வழியில் நிம்மி ஓர் இளநீரும், கரும்புச்சாறும் குடித்தாள்.

அலுவலகத்தில் நல்ல கூட்டம். உடல் தேறி அன்றுதான் வேலைக்குத் திரும்பியிருந்த நாகரத்னம்மா எங்களைப் பார்த்ததும் முகம் மலர்ந்தார். நான் அவரோடு பேசிக்கொண்டிருக்கையில் நிம்மி நெளிய ஆரம்பித்தாள். சரியாக அந்த நேரத்தில் அதிகாரி தன் அறையிலிருந்து வெளியே வந்தார். யார் என்ன என்று எதுவும் தெரியாமல் நிம்மி நேராக அவரிடமே போய்த் தன் தமிழில் உரக்கக் கேட்டாள்:

"அங்கிள், லேடீஸ் பாத்ரூம் எங்க இருக்கு?"

கூடமே திரும்பிப் பார்த்தது. எஸ்தரின் கையிலிருந்த பேனா நின்றுவிட்டது. அதிகாரி கொஞ்சமும் தயங்காமல் நடையின் கோடியில் கன்னடத்தில் பலகை மாட்டியிருந்த கதவைக் காட்டினார். "அதோ அங்கே, மகளே."

நான் கூப்பிடுவதற்குள் அவள் ஓடிவிட்டாள். தாழ்ப்பாள் துருப்பிடித்திருந்தது. தோளைக் கொடுத்து ஒரு தள்ளு தள்ளினாள். உள்ளேயிருந்து சிவப்புத் துணி சுற்றிய கட்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சரிந்து நடைபாதைக்கு வந்தன. தூசி மேகமாக எழுந்தது. ஓர் எலி எல்லோர் காலுக்கும் நடுவில் ஓடி வெளியேறியது.

"அம்மா! உள்ள ஃபுல்லா பேப்பர்மா!"

அதிகாரி அந்தக் கதவுவரை நடந்துபோய் உள்ளே பார்த்தார். பலகையைப் பார்த்தார். மறுபடி உள்ளே பார்த்தார்.

எஸ்தர் எழுந்தாள். இதற்குப் பின் நடந்த பேச்சு எல்லாம் கன்னடம்தான். என் தங்கையின் குரல் என் காதில் கேட்டபடியே எங்கள் ஊர்த் தமிழில் எழுதுகிறேன்.

"இது பெண்கள் கழிப்பறை இல்லையா?" என்றார் அதிகாரி.

"நான் வந்த நாள்லருந்து ரெக்கார்டு ரூம்தான் சார்."

"அப்படியானால் நீங்கள் எல்லோரும்..." அவர் பாதியில் நிறுத்திவிட்டார்.

"காலையிலருந்து தண்ணி குடிக்கமாட்டோம் சார். மத்தியானம் ரெண்டு தெரு தள்ளி ஒரு வீட்டுக்குப் போவோம். அந்த வீடு பூட்டி இருந்துச்சுன்னா தொறக்கறவரிக்கும் நிப்போம். நீங்க வந்து பாக்கறப்ப எங்க சீட்டு காலியா கீறது அதுக்குதான். இந்தம்மா ஆஸ்பத்திரியில கெடந்ததும் அதுக்குதான். நோட்டீசுக்கு வெளக்கம் கேட்டீங்களே சார், இதான் வெளக்கம்."

 அவளை அப்படி நான் பார்த்ததே இல்லை. எனக்குக் கைதட்டவேண்டும்போல் இருந்தது.

"இதை நீங்கள் என்னிடம் சொல்லவில்லையே, அம்மா?"

"சொன்னேன் சார். சௌகர்யம் இல்லன்னு சொன்னேன். நீங்க ஃபேன் வாங்கினு வந்தீங்க."

வரிசையில் நின்ற யாரோ சிரித்துவிட்டார்கள். அதிகாரியின் முகம் சிவந்தது. அண்ணாந்து அந்த மின்விசிறிகளைப் பார்த்தார். பிறகு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் சீக்கிரம் அடங்கியது. தன் மனைவி ஒரு பள்ளிக்கூடத்தில் ஆசிரியை என்றும், அவள் அங்கே இதற்கு என்ன செய்கிறாள் என்று தான் ஒருநாளும் கேட்டதில்லை என்றும் மெதுவாகச் சொன்னார். அப்போதைக்கு நிம்மியைத் தன் அறையோடு சேர்ந்த கழிப்பறைக்கு அனுப்பினார். அன்றுமுதல் அது எல்லாப் பெண்களுக்கும் திறந்திருக்கும் என்றும், சாவி எஸ்தரிடம் இருக்கும் என்றும் அங்கேயே அறிவித்தார்.

6

அடுத்து வந்த விடுமுறை சனிக்கிழமை அந்த அலுவலகம் திருவிழாக் கோலம் கொண்டது. யாரையும் யாரும் வற்புறுத்தவில்லை. ஆனால் எல்லோரும் வந்திருந்தார்கள். நானும் நிம்மியும் முகத்தில் துணி கட்டிக்கொண்டு போனோம்.

கட்டுகளைத் தன் பார்வையாளர் அறையில் அடுக்கச் சொன்னார் அதிகாரி. "என்னைப் பார்க்க வருகிறவர்கள் வராந்தாவில் உட்காரட்டும், காற்றாவது வரும்." சங்கிலிபோல் வரிசையாக நின்று கைமாற்றிக் கைமாற்றிக் கொடுத்தோம். பாரம் தூக்கக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்ததால், நாகரத்னம்மா நடுக்கூடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து எங்களை மேய்த்தார்.

"ஏ நிம்மி, அத்த அங்க வெக்காதே, இந்தாண்ட வா! இன்னா பொண்ணு இது, சோறு தின்னுதா இல்லியா?"

நிம்மி தூசிக்குள்ளிருந்து பல்லைக் காட்டினாள். கட்டுகளுக்கு அடியில் உடைந்த தட்டச்சு இயந்திரம் ஒன்றும், இரண்டு எலிக் குடித்தனங்களும், எந்தக் காலத்துத் தேர்தலுக்கோ வாங்கிய பசைப் பானையும் கிடைத்தன. கழிப்பறைப் பீங்கான் மட்டும் உடையாமல் இருந்தது. மதியம் குழாய்க்காரர் வந்து மேல்தொட்டியிலிருந்து தனியாகக் குழாய் இழுத்தார். கோடையில் எங்கள் ஊரில் தண்ணீர் லாரியைத்தான் நம்பவேண்டும் என்பதால் ஒரு பெரிய டிரம்மும் வந்தது. கடைசியில் குழாயைத் திறந்தார்கள். முதலில் காற்று, பிறகு துருநிறத் தண்ணீர், பிறகு தெளிந்த தண்ணீர். பெண்கள் போட்ட கூச்சலில் தெருவில் போனவர்கள் எட்டிப் பார்த்தார்கள்!

7

எஸ்தர் மீதான நோட்டீஸ், விளக்கம் ஏற்கப்பட்டது என்று முடித்துவைக்கப்பட்டது. மாற்றல் பேச்சும் அதோடு நின்றது.

நாங்கள் திரும்பி வந்தபிறகும் அங்கேயிருந்து செய்தி வந்துகொண்டே இருந்தது. மதியத்தில் நாற்காலிகள் காலியாக இருப்பதில்லை. பிற்பகலில் வரும் தலைவலி எஸ்தருக்கு இல்லை; எழுத்துப் பிழை குறைந்து, திருப்பி எழுதுகிற வேலையும் குறைந்துவிட்டது. பூதிகோட்டையிலிருந்து வந்த ஒரு விவசாயி, நாள் முழுக்கக் காத்திருக்கும் எண்ணத்தில் கட்டுச்சோறு கொண்டுவந்திருக்கிறார். சாப்பாட்டு வேளைக்கு முன்னாலேயே சான்றிதழ் கைக்கு வந்துவிட்டது. நம்பாமல், "கையெழுத்து எல்லாம் கீது இல்லம்மா? சரியாப் பாரு" என்று திரும்பத் திரும்பக் கேட்டாராம்.

அரசு அலுவலகத்தில் வேலை ஏன் நகர்வதில்லை என்று பேச்சு வந்தால் நாம் மனிதர்களின் குணத்தைத்தான் பேசுகிறோம். சோம்பேறி, பொறுப்பில்லாதவர், வெறும் சம்பளத்துக்கு வருகிறவர். குணம் கெட்டவர்கள் இல்லாமல் இல்லை, இங்கேயும் இருக்கிறார்கள். ஆனால் தாகத்தோடு உட்கார்ந்திருக்கும் ஒருத்தியிடம் வேகம் இல்லையே என்று கேட்பதற்கு முன்னால், அவள் உட்கார்ந்திருக்கும் இடத்தை ஒருமுறை சுற்றிப் பார்க்கவேண்டாமா? மேல்பார்வைக்கு வருகிறவர்கள் கூச்சத்தை விட்டுக் கேட்டால், கீழே இருப்பவர்கள் கூச்சத்தை விட்டுச் சொல்வார்கள். அந்த அதிகாரி நல்லவர். ஆனாலும் இருவருக்கும் நடுவில் ஒரு வார்த்தை மாதக்கணக்கில் மாட்டிக்கொண்டு நின்றது.

நிம்மி இப்போது வாரத்தில் ஒருநாள் தானே சித்தியைக் கூப்பிடுகிறாள். என்ன பேசுகிறார்கள் என்று எனக்குச் சொல்வதில்லை.

8

கேக் வெட்டிய அதே வாரம் வியாழக்கிழமை எஸ்தர் பதற்றத்தோடு கூப்பிட்டாள்.

"அக்கா, நாளைக்குக் கோலார்ல பெரிய மீட்டிங். எல்லா ஆபீசுலருந்தும் வராங்க. வேலைய எப்பிடி வேகமாக்கறதுன்னு. எங்க சார் என்னைப் பேசச் சொல்லிட்டாரு. மைக்குலக்கா! அத்தினி ஆம்பளைங்க முன்னாடி அந்த வார்த்தைய எப்பிடிச் சொல்றது?"

"தெரியலடி," என்றேன். 

வெள்ளிக்கிழமை மாலை நிம்மியை விளையாட்டுப் பயிற்சியிலிருந்து கூட்டிக்கொண்டு வரும்போது காரில் தொலைபேசி அடித்தது. அங்கே முற்பகல் நேரம். நாகரத்னம்மா! "பேசாம கேளு" என்று கிசுகிசுத்தார். எஸ்தருக்குத் துணையாகப் போனவர் தொலைபேசியை மடியில் வைத்துக்கொண்டு எங்களுக்குக் கூட்டத்தைக் கேட்கவைக்கிறார் என்று புரிந்தது. நான் காரை ஓரமாக நிறுத்தினேன். நிம்மி ஒலியைக் கூட்டினாள்.

ஒலிபெருக்கி கீச்சிட்டது. பிறகு என் தங்கையின் குரல், கன்னடத்தில், கொஞ்சம் உயர்ந்து:

"எல்லோருக்கும் வணக்கம். எங்கள் அலுவலகத்தில் பெண்களுக்குக் கழிப்பறை இல்லாமல் இருந்தது."

இரைச்சல் அடங்கிவிட்டது. ஒரு மூச்சில் எல்லாவற்றையும் சொன்னாள். தண்ணீர் குடிக்காததை, பூட்டிய வீட்டை, நாகரத்னம்மாவின் காய்ச்சலை. நான் அவள் சொல்வதை நிம்மிக்குத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். முடித்துவிட்டாள் என்று நினைத்தோம். முடிக்கவில்லை.

"இன்னும் ஒன்று கேட்கிறேன். இங்கே வந்திருக்கும் பெண்களில், தங்கள் அலுவலகத்தில் கழிப்பறை இல்லாதவர்கள் யாராவது இருந்தால், தயவுசெய்து எழுந்து நில்லுங்கள்."

ஒன்றும் கேட்கவில்லை. நாகரத்னம்மாவின் மூச்சு மட்டும். அழைப்பு துண்டிக்கப்பட்டுவிட்டதோ என்று நான் திரையைப் பார்த்தேன். அப்புறம் தரையில் ஏதோ உராயும் ஓசை.

"இன்னா சத்தம்மா அது?" என்றாள் நிம்மி.

"நாற்காலிடி. யாரோ எழுந்திருக்காங்க."

சற்றுப் பொறுத்து இன்னொரு நாற்காலி. பிறகு அருகில் ஒன்று, தொலைவில் ஒன்று, பிறகு எது எங்கே என்று பிரிக்க முடியாமல் கூடம் முழுக்க நாற்காலிகள். அந்தச் சத்தத்தில் எஸ்தரின் குரல் மூழ்கிப்போயிற்று. நாகரத்னம்மா கிசுகிசுப்பதை மறந்துவிட்டார்.

"குளோரி, கேக்குதா? எழுந்துகினே கீறாங்கம்மா! இன்னும் எழுந்துகினே கீறாங்க!"